கத்திக்குப் பயந்தவள்

இக்சான்,
1993 செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

மி-ரான் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். உனக்கு அங்கே பட்டாளத்தில் வயிறாரச் சாப்பாடு கிடைக்கிறதா? காய்ச்சல், தலைவலி ஒன்றும் இல்லையே? இந்தப் பக்கத்தை அம்மா படிப்பாள். இரண்டாவது தாளை நான் தனியாக உள்ளே வைக்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அண்ணா, நான் அம்மாவைக் கொன்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வாரம் சந்தையில் நம் தொடுகறிக் கடையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். திடீரென்று மண்டைக்குள் ஒரு குரல். 'அந்தக் கத்தியை அவள் பிடரியில் இறக்கு' என்றது. சொன்னதோடு நிற்கவில்லை, படமாகவும் காட்டியது. முள்ளங்கித் துண்டெல்லாம் சிவந்து, அம்மா அண்டாவுக்குள் முகம் கவிழ்ந்து கிடந்தாள். நான் கத்தியை விட்டெறிந்தேன். அது அம்மாவின் செருப்புப் பக்கத்தில் போய் விழுந்தது.

"கையில என்னடி வெண்ணெயா தடவியிருக்க? என் வெரல் போயிருந்தா உன் வெரலையா ஒட்டிக்குவேன்?" என்று கத்தினாள்.

அதிலிருந்து தினமும் வருகிறது. பஸ்ஸில் பக்கத்துக் குழந்தையை ஜன்னல் வழியாகத் தள்ளச் சொல்கிறது. பூசையில் மெழுகுவர்த்தித் தண்டை எடுத்து நம் கோயில் கோ சாமியாரின் மண்டையில் போடச் சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் அவரிடமே ஓடிப்போய், பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். வெளியே வந்து படி இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. நேற்று கோ சாமியார் பெருமூச்சு விட்டு, "தெக்லா, ஒரே துணியை எத்தனை தடவம்மா வெளுக்கப் போடுவ? நைஞ்சுபோயிடும்" என்றார். ஞானஸ்நானப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே என்று அதற்கும் அழுதேன். புனிதையின் பெயரை வைத்துக்கொண்டு கொலைகாரியாக இருக்கிறேனே!

பள்ளியில் யாரிடமும் சொல்ல முடியாது. என்னைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். நீதான் சொல்ல வேண்டும். நான் செய்துவிடுவேனா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
மி-ரான்


யாங்கு முகாம்,
1993 அக்டோபர் 3

அன்புத் தங்கை தெக்லாவுக்கு,

நான் சுகம். அம்மா சுகமா? உன் மண்டைக்குள் எல்லாரும் சுகமா?

சிரிக்காமல் படி. நீ செய்ய மாட்டாய். எனக்கு எப்படித் தெரியும் என்றால், உன் வயதில் எனக்கும் இது வந்தது. ரயில் வரும்போது முன்னால் நிற்கிற ஆளைத் தள்ளிவிடு என்று ஒரு குரல் சொல்லும். நான் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உனக்கு ஞாபகம் இருக்கும், 'அண்ணன் தூணுக்கு முத்தம் கொடுக்கிறான்' என்று ஊரெல்லாம் சொன்னாயே, அதேதான். இன்றுவரை ஒருத்தரையும் தள்ளவில்லை.

கத்தியைப் பார்த்துப் பயப்படுகிறவள் குத்த மாட்டாள். குத்துகிறவனுக்குப் பயம் இருக்காது. அவன் மனசு அமைதியாக இருக்கும், அவனுக்கு நன்றாகத் தூக்கம் வரும். உனக்கு இவ்வளவு நடுங்குகிறதே, அந்த நடுக்கம்தான் உனக்குக் காவல்.

இனி இப்படிச் செய். காலியான மிளகாய் விழுது ஜாடி ஒன்றை எடுத்து வைத்துக்கொள். பயம் வந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே போட்டு மூடு. சனிக்கிழமை செபமாலை முடிந்த பிறகுதான் திறக்க வேண்டும். திறந்து ஒவ்வொன்றையும் கேள்: 'நீ நடந்ததா, நான் நினைத்ததா? உனக்காக நான் இன்றைக்குச் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?' உண்டு என்றால் உடனே எழுந்து செய். இல்லை என்றால் அது ஆண்டவர் பாடு. கிழித்து அடுப்பில் போடு. கோ சாமியாரைச் சும்மா விடு, பாவம் அவர்.

எங்கள் கடிதங்களை மேலதிகாரி ஒருவர் படித்துவிட்டுத்தான் ஒட்டுவார், அதனால் அதிகம் எழுதுவதற்கில்லை. என் கையெழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் பந்து பட்டு விரல் வீங்கியிருப்பதுதான். நாம் என்று ஒரு நண்பன் கிடைத்திருக்கிறான். ஒல்லியானவன், பயந்தால்கூடச் சிரிப்பான். ஞாயிறு பூசைக்கு இருவரும் சேர்ந்து போகிறோம். பூசை முடிந்ததும் சாக்லேட் கேக் தருவார்கள். அவன் கேக்குக்காக வருகிறான், நான் ஆண்டவருக்காகப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல். பியோன் என்று ஒரு மூத்த சார்ஜென்ட் இருக்கிறார். நன்றாகப் பாடுவார். எங்களையும் பாடச் சொல்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் கி-தே


இக்சான்,
1993 அக்டோபர் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உன் விரல் ஆறியதா? எனக்கு முன்பைவிடக் கொஞ்சம் தேவலை.

ஜாடி முதல் வாரமே நிறைந்துவிட்டது. சனிக்கிழமை திறந்தால் எல்லாத் தாளிலும் ஒரே கொலைதான், ஆள் மட்டும் வேறு. படிக்கப் படிக்க எனக்கே சலித்துவிட்டது. கணக்கு வாத்தியார் பேரில் மட்டும் ஏழெட்டு இருந்தன. அவர் தேர்வில் தப்புக்கு ஓர் அடி என்று அடிக்கிறார். முன்வரிசையில் ஒருத்திக்கு உள்ளங்கை பிளந்து ரத்தம் சொட்டியது. அவர் கைக்குட்டையை நீட்டி, "தொடச்சிக்க, அடுத்த கைய நீட்டு" என்றார். அந்தப் பிரம்பைப் பிடுங்கி அவர் கண்ணில் செருக வேண்டும் என்று தோன்றியது. எழுதி ஜாடியில் போட்டேன். சனிக்கிழமை 'இன்றைக்குச் செய்ய வேண்டியது உண்டா' என்று கேட்டுப் பார்த்தேன். உண்டு என்று தோன்றியது. அந்தப் பெண்ணுக்குக் களிம்பு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆனால் கத்தியை இன்னும் தொடவில்லை. அம்மாவிடம் கைவலி என்று பொய் சொல்கிறேன். அந்தப் பொய்க்காக ஒரு தடவை மட்டும் கோ சாமியாரிடம் போனேன். ஒரே ஒரு தடவைதான்!

பந்து பட்டால் விரல் வீங்குமா? நீ உதைக்கிற ஆளா, கோல் பிடிக்கிற ஆளா?

அன்புடன்,
மி-ரான்


யாங்கு முகாம்,
1993 நவம்பர் 9

அன்புத் தங்கைக்கு,

சுகம். அங்கே எல்லாரும் சுகமா? மண்டைக்குள்?

கத்தியை விட்டு ஓடாதே. ஓடினால் அது துரத்தும். இன்னும் கொஞ்ச நாளில் குளிர்காலக் கிம்ச்சி போடுவீர்களே, அன்றைக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கு. குரல் வரும், வரட்டும். பஸ்ஸில் குடிகாரன் ஏறி எல்லாரையும் திட்டுகிறான் என்பதற்காக நாம் பாதி வழியில் இறங்கிவிடுகிறோமா? அவன் பாட்டுக்குக் கத்திக்கொண்டு வரட்டும். நம் நிறுத்தம் வந்ததும் நாம் இறங்குவோம்.

என் நண்பன் நாம் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். காதில் அடி. பந்து பட்டது. இங்கே பனி முழங்கால் வரை வந்துவிட்டது. அவன் பங்குக் கேக்கையும் நானே வாங்கி வைத்திருக்கிறேன்.

எழுத நேரமில்லை.
அண்ணன்


இக்சான்,
1993 நவம்பர் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மிகவும் சுகம். நீயும் உன் நண்பனும் எப்படி இருக்கிறீர்கள்?

நறுக்கிவிட்டேன்! தொட்டி நிறைய நறுக்கினேன். அம்மா பக்கத்தில் குந்தி, முட்டைக்கோசு இலைக்கு நடுவே மசாலா தடவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் குடிகாரன் ஏறிவிட்டான். 'குத்து, குத்து' என்று ஒரே கூச்சல். என் கை நடுங்கிய நடுக்கத்தில் ஒரு துண்டு விரல் அளவும் ஒரு துண்டு தாள் அளவுமாக விழுந்தது.

"என்னடி இது? பன்னிக்கா நறுக்குற?" என்றாள் அம்மா.

"அம்மா, உன்னக் குத்திடுவனோன்னு பயமா இருக்கும்மா."

சொல்லியே விட்டேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இந்த மொக்கக் கத்தியாலயா? முள்ளங்கியே வெட்டுப்பட மாட்டேங்குது. மொதல்ல அத நறுக்கி முடி. அப்பறமா நான் கழுத்த நீட்டுறேன்." சொல்லிவிட்டு மசாலாக் கையாலேயே என் கன்னத்தைப் பிடித்து அழுத்தினாள். கண்ணெல்லாம் எரிந்தது. இருவரும் அழுதோம், மிளகாய்தான் காரணம் என்று வைத்துக்கொண்டோம்.

கோ சாமியார் எனக்கு ஒரு கட்டளை போட்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லாருக்கும் கடமையாக ஒரு பாவசங்கீர்த்தனம் இருக்கிறதே, அந்த ஒன்றுதான் இந்தப் பருவத்தில் எனக்கு உண்டாம். அதற்கு மேல் வந்தால் கதவைச் சாத்திவிடுவாராம். நீயும் தவறாமல் போ. அம்மா கேட்கச் சொன்னாள்.

முழங்கால் வரை பனி என்று எழுதியிருந்தாய். அதில் எப்படிப் பந்து ஆடுகிறீர்கள்?

மி-ரான்


இக்சான்,
1993 டிசம்பர் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். வேலை அதிகமாக இருக்கும் என்கிறாள் அம்மா. 'அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது' என்று எழுதி ஜாடியில் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை வரை திறக்க மாட்டேன். அதற்குள் ஒரு வரியாவது எழுது.

மி-ரான்


யாங்கு முகாம்,
1993 டிசம்பர் 14

அன்புத் தங்கைக்கு,

விடுப்பில் போகிறவன் ஒருவனிடம் கொடுத்து வெளியே தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். அதனால் இது சீக்கிரம் வந்து சேரும்.

நாமுக்கு இரண்டு காதும் போய்விட்டன. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போதும் சிரித்தான், ஆனால் நான் சொன்னது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. பியோன் இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்.

வரும் திங்கட்கிழமை முதல் எல்லைக் காவலுக்கு மேலே போகிறேன். மூத்தவன் ஒருவன், இளையவன் ஒருவன் என்று ஜோடியாகத்தான் அனுப்புவார்கள். என் ஜோடி பியோன். அங்கே நிஜக் குண்டு தருவார்கள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறேன். மனசு அமைதியாக இருக்கிறது. படைச் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்திருந்தார். வரிசையில் நின்றேன், பிறகு வந்துவிட்டேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரேயடியாகப் போய்க்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல். என் சைக்கிளை நீயே வைத்துக்கொள். பிரேக்கை மட்டும் சரி பண்ணிக்கொள்.

கிம்ச்சி நறுக்கியதற்கு எனக்கு ரொம்பப் பெருமை.

அண்ணன் கி-தே


யாங்கு முகாம் வாசல்,
1993 டிசம்பர் 20, திங்கள்

அண்ணா, செய்யாதே.

நானும் அம்மாவும் கீழே வாசலில் நிற்கிறோம். துப்பாக்கியைச் சாமியாரிடம் கொடு. பியோனை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும், சட்டம் பார்த்துக்கொள்ளட்டும், தேவைப்பட்டால் அம்மா பார்த்துக்கொள்வாள். நீ தொடாதே. குத்துகிறவனுக்கு நன்றாகத் தூக்கம் வரும் என்று சொன்னவன் நீதான். உன் கையெழுத்து ஒரு கோணல்கூட இல்லாமல் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இறங்கி வா.


படை மருத்துவமனை,
1994 ஜனவரி 6

அன்புத் தங்கை மி-ரானுக்கு,

நீ சுகமா? அம்மாவின் மூட்டுவலி எப்படி? பனியில் அத்தனை நேரம் நின்றாளே!

விசாரணை நடக்கிறது, அது முடியும் வரை என்னை இங்கே வைத்துப் பார்க்கிறார்கள். பியோனை முதல் நாளே கொண்டுபோய்விட்டார்கள். நாமின் பெற்றோர் வந்து சாட்சி சொல்லியிருக்கிறார்கள். என்னை என்ன செய்வார்கள் என்று இன்னும் தெரியாது. நான் சுடவில்லை. சுட இருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

பந்தே கிடையாது, மி-ரான். எங்கள் பிரிவில் அடிபட்ட எல்லாருக்கும் பந்துதான் பட்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். கொதிகலன் கொட்டகைக்குப் பின்னால் பியோன் எங்களை வரிசையாக நிறுத்திப் பாடச் சொல்வான். சுருதி தப்பினால் மண்வெட்டிக் காம்பால் தொடையில் அடி. நின்றபடி அடி வாங்க வேண்டும், விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. நாமும் நானும் பூசைக்குப் போகிறவர்கள் என்பதால் எங்களுக்குத் தனி மரியாதை. "கோயிலுக்குப் போயி கேக்கு தின்னீங்கல்ல? இப்பக் கூப்பிடுங்கடா உங்க மாதாவ! வந்து புடிக்கிறாளா பாப்போம்" என்பான். நாமுக்குப் பயத்தில் சிரிப்பு வந்தது. பியோன் இரும்புத் தொப்பியைக் கழற்றி அவன் காதில் ஓங்கி அறைந்தான். ஒரு பக்கம். பிறகு, "ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ல?" என்று இன்னொரு பக்கம். காதிலிருந்து வந்த ரத்தம் கழுத்துக்குள் இறங்கிப் பனியில் சொட்டியது. அதையும் எங்களையே மிதித்து மூடச் சொன்னான்.

அன்றைக்குத்தான் என் பயம் போனது. போனது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மேட்டுப் பாதையில் பியோன் முன்னால் போனான், நான் பின்னால் போனேன். அவன் பாடிக்கொண்டே சிகரெட் பற்றவைக்க நின்றான். நான் துப்பாக்கியின் பூட்டை விடுவித்துவிட்டேன். அவன் பிடரியில் ஒரு மச்சம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

அப்போது கீழே ஜீப் ஹாரன் விடாமல் அடித்தது. படைச் சாமியார் பனியில் விழுந்து எழுந்து ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு தாள். "யூன் கி-தே! ஊர்லேர்ந்து கடுதாசி!"

பியோன் சிரித்தான். "சாமியார் எப்ப தபால்காரர் ஆனாரு?"

 சாமியார் எனக்கும் பியோனுக்கும் நடுவில் வந்து, துப்பாக்கிக் குழாய் தன் வயிற்றில் முட்டும்படி நின்றார். மூச்சு வாங்கியது. தாளை என் முன்னால் நீட்டினார். பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும்தானே வாங்குவோம்? சின்ன வயதில் ஒற்றைக் கையை நீட்டியதற்கு அம்மாவிடம் எத்தனை குட்டு வாங்கியிருக்கிறோம்! நான் யோசிக்கவே இல்லை, மி-ரான். துப்பாக்கியை விட்டு இரண்டு கையையும் நீட்டினேன். அது தோள்வாரில் தொங்கியது. சாமியார் அதை மெதுவாக என் தோளிலிருந்து கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

பிரித்துப் படித்தேன். நீ சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. பேனா தாளைக் கிழித்திருந்தது. ஒவ்வொரு எழுத்தும் நடுங்கியது. அதைப் பார்த்ததும் என் முழங்கால் ஆட ஆரம்பித்தது. அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலையே பாவசங்கீர்த்தனம் செய்தேன். "பரிகாரமா உன் தங்கச்சிக்கு ஒரு உண்மையான கடுதாசி எழுது. பந்து வரக்கூடாது" என்றார். இதுதான் அது.

இப்போது எனக்கு எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது. கதவு சாத்தினால் திடுக்கிடுகிறேன். அந்த மச்சம் கனவில் வருகிறது. நர்ஸ் ஊசியோடு வந்தால் அழுகை வருகிறது. பயம் திரும்பி வந்துவிட்டது என்பதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

உனக்கு எப்படித் தெரிந்தது? அதை மட்டும் எழுது.

உன் அண்ணன்,
கி-தே


இக்சான்,
1994 ஜனவரி 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. சந்தையில் எல்லாரிடமும், "வாசல்ல நின்ன சிப்பாயி உள்ள விட மாட்டேன்னான். கிம்ச்சிப் பானைய அவன் தலையில கவுத்திருப்பேன், மசாலா வீணாப் போயிடுமேன்னு விட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அதில் நீ என் மண்டைக்குள் சுகமா என்று கேட்கவில்லை. அது முதல் இடி. அடுத்தது அந்த 'முடிந்த பிறகு ஒரேயடியாக'. அண்ணா, பாவசங்கீர்த்தனத்தில் என்னைவிடத் தேர்ந்தவள் நம் கோயிலில் கிடையாது. செய்த பாவத்தோடு வரிசையில் நிற்கிறவன் நகர மாட்டான். செய்யப்போகிற பாவத்தை விட மனசில்லாதவன்தான் வரிசையை விட்டுப் போவான்.

செபமாலை முடித்து ஜாடியைத் திறந்தேன். உன்னைப் பற்றி எழுதிய தாளை எடுத்துக் கேட்டேன். நடந்ததா, நினைத்ததா? தெரியவில்லை. இன்றைக்குச் செய்ய வேண்டியது உண்டா? உண்டு.

கோயிலுக்கு ஓடினேன். கால் பழக்கத்தில் நேராகப் பாவசங்கீர்த்தன மரக்கூண்டுக்குத்தான் போனது. முழங்காலிட்டு, "சுவாமி" என்று வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. இங்கே சொன்னால் அவர் செத்தாலும் வெளியே சொல்லக் கூடாது. உன்னை அந்தக் கூண்டுக்குள்ளேயே புதைத்திருப்பேன். எழுந்து வெளியே வந்து, சாமியார் உட்கார்ந்திருக்கும் பக்கத்துக் கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

"தெக்லா! கதவச் சாத்திடுவேன்னு சொன்னேன்ல?"

"சுவாமி, இது பாவசங்கீர்த்தனம் இல்ல. வெளிய வாங்க. எங்கண்ணன் ஒரு ஆளச் சுடப் போறான்."

அவர் வந்தார். கடிதத்தை ஒரு தடவைதான் படித்தார். "உன் பயமா இருக்குமோ" என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. போனை எடுத்தார். உங்கள் படைச் சாமியார் காவல் முகாம்களைச் சுற்றிக்கொண்டிருந்ததால் கிடைக்கவில்லை. அதனால்தான் நாங்களே கிளம்பி வந்தோம். வாசலில் உங்கள் சாமியாருடைய ஜீப் உள்ளே திரும்பியபோது அம்மா அதன் முன்னால் படுத்துவிட்டாள். இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன்.

என் ஜாடியை இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். எவ்வளவு கழுவியும் மிளகாய் வாடை போகவில்லை. சனிக்கிழமைக்கு முன்னால் திறக்காதே.

எனக்கு வேறு ஜாடி இருக்கிறது. குடிகாரன் இன்று காலையும் ஏறினான். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். கொஞ்ச நேரம் கத்தினான். நான் மிச்ச முள்ளங்கியையும் நறுக்கி முடித்தேன்.

அண்ணா, மண்டைக்குள் சுகமா?

உன் தங்கை,
மி-ரான்